நோட்டில் ஒரு கேள்விக்குறி: செவித்திறன் குறைந்த குழந்தையும் அவளைச் சுற்றிய பெரியவர்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நான் சிறு குழந்தைகளுக்குச் செவி, பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். இதில் வரும் குழந்தையை வீட்டில் 'சின்னவள்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதால் பல குடும்பங்களில் கண்டதை ஒரே வீட்டின் கதையாகக் கோத்திருக்கிறேன். வயதும் அளவுகளும் அந்தக் கோர்வைக்கு உரியவை. இதில் வரும் என் தவறுகள் மட்டும் கோத்தவை அல்ல.

நிகழ்வு ஆய்வு என்றால் குழந்தைக்கு என்ன குறை, என்ன செய்தோம், எவ்வளவு முன்னேறினாள் என்று எழுதுவது வழக்கம். அவையும் இதில் உண்டு. ஆனால் நான் பதிவு செய்ய விரும்புவது வேறு: இந்தக் குழந்தையின் மூன்றரை ஆண்டுகளில் எங்கள் முடிவுகள் மாறிய ஒவ்வொரு இடத்திலும், மாற்றியது வீட்டிலிருந்து வந்த ஒரு கேள்வி.

பின்னணி

சின்னவள் இரண்டாவது குழந்தை. நிறைமாதப் பிறப்பு, எடை சரி, பிறந்தபோது சிக்கல் எதுவும் இல்லை. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, ஐந்து வயது மூத்த அண்ணன். இரு பக்கத்துக் குடும்பங்களிலும் சிறுவயதில் காது கேளாதவர் என்று யாரும் இல்லை. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. செவித்திறன் குறைவோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அதனால்தான் பெரும்பாலான வீடுகளில் இந்தச் செய்தி வந்து இறங்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள முன் அனுபவம் என்று எதுவும் இருப்பதில்லை.

பிறந்த இரண்டாம் நாள் ஓ.ஏ.ஈ. பரிசோதனை நடந்தது. காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பினால், நல்ல நிலையில் இருக்கும் உட்காதின் மயிர்ச் செல்கள் ஒரு சின்ன எதிரொலியைத் திருப்பித் தரும். அது வருகிறதா என்று பார்ப்பது. இரண்டு காதிலும் வரவில்லை. மூன்றாம் வாரத்தில் மறுபடி பார்த்தபோதும் வலது காதில் வரவில்லை, இடது காதில் சந்தேகம். "பிறந்த குழந்தைக்குக் காதுக்குள்ள திரவம் இருக்கும், போகப் போக சரியாயிடும்" என்று யாரோ சொல்லி அனுப்பினார்கள். முழுப்பொய் என்று சொல்ல முடியாது. பச்சிளங்குழந்தைக்கு முதல் சோதனை தவறுவதற்கு அது ஒரு பொதுவான காரணம்தான். பாதி உண்மை என்பதால்தான் அது நான்கு மாதத்தைத் தின்றது.

முதல் மாதத்துக்குள் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறாம் மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும். 1-3-6 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் கெடு, பச்சிளங்குழந்தைகளின் செவித்திறனுக்கான அமெரிக்கக் கூட்டுக்குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் அழுத்திச் சொல்லப்பட்டது. இதை எட்டிவிட்ட இடங்கள் இனி 1-2-3 என்று முயலலாம் என்று அதே குழு 2019-இல் சொன்னது. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி, அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களின் மொழியைவிட நன்றாக வளர்கிறது என்று கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவர் குழுவினரும் 1998-இல் காட்டியது இந்தக் கெடுவுக்குப் பெரிய பலம்.

சின்னவளுக்கு முதல் கெடு மட்டும்தான் தவறவில்லை. கதவு படாரென்று அறைந்தும் அவள் விழிக்கவில்லை என்று அம்மா கவனித்து, வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளாதபோதும் தானே பிடிவாதமாகக் கிளம்பி வந்து, பெரா சோதனை நடந்தபோது ஐந்தரை மாதம். குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகள் ஒட்டி, ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் கொடுக்கும் பதிலை அளக்கும் சோதனை அது. பதில் வந்த மிகக் குறைந்த ஒலி அளவு, வலது காதில் 500 ஹெர்ட்ஸ் சுருதியில் 50 டெசிபல், 2000-இல் 65, 4000-இல் 70. இடது காதில் முறையே 40, 55, 60. எலும்பு வழியாக ஒலி அனுப்பிப் பார்த்தபோதும் அளவுகள் மாறவில்லை. நடுக்காதில் அடைப்பு இல்லை. ஆக, இது உட்காதுக் குறைபாடு. திரவம் வடிந்து சரியாகிற காரியம் அல்ல.

ஏழாம் மாதத்தில் இரண்டு காதுக்கும் கருவி பொருத்தப்பட்டது. அந்த வாரமே என்னிடம் வந்தார்கள்.

இரண்டு மணி இருபது நிமிடம்

இன்றைய கருவிகள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அணியப்பட்டன என்பதைத் தாமே பதிந்து வைத்துக்கொள்ளும். ஆறு வாரம் கழித்து, செவித்திறனை அளந்து கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் கணினியில் இணைத்துப் பார்த்தபோது சராசரி வந்தது: இரண்டு மணி இருபது நிமிடம். அந்த வயதுக் குழந்தை ஏறத்தாழ பத்து மணி நேரம் விழித்திருக்கும்.

நான் செய்தது என்ன? அம்மாவை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். மூளையின் செவிப்பகுதி முதல் மூன்று ஆண்டுகளில் எப்படி வளர்கிறது, கேட்காத ஒவ்வொரு மணி நேரமும் எப்படி இழப்பு என்று படம் போட்டு விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். போகும்போது கண் கலங்கியிருந்தது. நல்ல வேலை செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரத்தில் சராசரி இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முக்கால் மணி நேரப் பேச்சின் பலன், பதினைந்து நிமிடம்.

அணியும் நேரம் குறைந்தால் பெற்றோருக்கு அக்கறை போதவில்லை, அல்லது இன்னும் மனம் ஏற்கவில்லை என்று முடிவு கட்டுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். செய்தி கேட்ட அதிர்ச்சியில் இருக்கும் பெற்றோரிடம் தகவலைக் கொட்டினால் எதுவும் தங்காது. முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டியவர் நிபுணர்தான் என்று ஆடியாலஜிஸ்ட் டேவிட் லுட்டர்மன் பல ஆண்டுகள் எழுதிவந்திருக்கிறார். அதைப் படித்தவள்தான் நான். படித்திருப்பது வேறு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு.

திருப்பம் தற்செயலாக வந்தது. ஒருநாள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஸ்டெதாஸ்கோப் போன்ற ஒரு குழாய் இருக்கும்; ஒரு முனையைக் கருவியில் பொருத்தி, மறுமுனையை நம் காதில் வைத்துக் கேட்கலாம். பாட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் காதில் மாட்டிவிட்டு மெதுவாகப் பேசினேன்.

"நல்லா தெளிவா கேக்குதேம்மா" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ வீட்ல பிள்ளையத் தோள்ல போட்டா கீச்சு கீச்சுன்னு ஊளை விடுதே, அது எதுக்கு? அது காதைக் கிழிக்காதா? அதான் நான் கழட்டி வச்சுடுவேன்."

ஒன்பது வாரமாக இதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. 'எத்தனை மணி நேரம்' என்று கேட்டோமே தவிர, 'எந்த மணி நேரம்' என்று கேட்கவில்லை. காலை ஒன்பதரை முதல் மதியம் இரண்டு வரை குழந்தை பாட்டியிடம்தான். கீச்சொலி வந்ததும் பாட்டி கழற்றிவிடுவார். பேரப்பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்ற அக்கறை. அம்மாவுக்கு இது தெரியும். மாமியாரைப் பற்றி என்னிடம் குறை சொன்னதாக ஆகிவிடுமே என்று வாய் திறக்கவில்லை. என் முக்கால் மணி நேரப் பேச்சை, இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

கீச்சொலிக்குக் காரணம் எளியது. கருவியிலிருந்து வரும் ஒலி காதுக்குள் போகாமல் வெளியே கசிந்து, கருவியின் மைக்கிலேயே மறுபடி நுழைந்து சுற்றுவதால் வருவது அது. கசிவதற்குக் காரணம், காதின் அளவுக்கு வார்த்துச் செருகும் இயர் மோல்டு தளர்ந்தது. குழந்தையின் காது வளரும் வேகத்துக்கு, முதல் ஆண்டில் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூட மோல்டு புதிதாக எடுக்க வேண்டிவரும். சின்னவளின் மோல்டு ஆறரை மாதத்தில் அளவெடுத்தது; இப்போது அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. எங்கள் அட்டவணையில் மோல்டு மாற்றும் தேதி இருந்தது, அடுத்த மாதத்தில்.

புது மோல்டு, சட்டையோடு கோத்துவிடும் கிளிப், குழந்தை திறக்க முடியாதபடி பூட்டும் பேட்டரி மூடி ஆகிய மூன்றும் அந்த வாரமே செய்யப்பட்டன. மூடியைக் கேட்டது அப்பா. நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது அது. பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். கருவிகளோடு வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்ல வேண்டிய எச்சரிக்கை, ஒரு தகப்பன் தானாகக் கேட்ட பிறகு பேசப்பட்டது.

அடுத்த மாதச் சராசரி ஆறு மணி நேரம். முதல் பிறந்தநாளின்போது ஒன்பதரை. காலைப் பயிற்சிகளுக்கு அதன்பின் பாட்டியே வந்தார். எங்கள் மையத்தில் பாட்டியை உட்கார வைக்க நாற்காலியே கிடையாது. அம்மாவுக்கும் குழந்தைக்கும் மட்டும்தான் போட்டிருந்தோம். ஒரு நாற்காலி சேர்த்தோம்.

பங்காளி

பெற்றோரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கருத்தரங்குகளில் எல்லோரும் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பங்காளி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சண்டைதான். யோசித்தால் அதுவும் பொருத்தம்தான். சொத்தில் பங்கு இல்லாதவன் வரப்புத் தகராறுக்கு வருவதில்லை. சொன்னதைச் செய்துவிட்டு, கொடுத்த வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போகும் பெற்றோரை நாங்கள் 'நல்ல ஒத்துழைப்பு' என்று கோப்பில் எழுதுவோம். அது ஒத்துழைப்பு, பங்கு அல்ல.

குடும்பத்தை மையமாக வைத்த பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று 2012-இல் ஆஸ்திரியாவின் பாட் இஷ்லில் பல நாட்டு வல்லுநர்களும் பெற்றோரும் கூடிப் பேசி, 2013-இல் பத்து கோட்பாடுகளை வெளியிட்டார்கள். முடிவெடுப்பது குடும்பம், நிபுணர் தகவலும் துணையும் தருபவர் என்பது அவற்றில் ஒன்று. மேரி பாட் மோலர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. செவித்திறன் குறைந்த 112 குழந்தைகளை ஐந்து வயதில் சோதித்தபோது, சீக்கிரம் பயிற்சியில் சேர்ந்தவர்கள் முந்தியிருந்தார்கள். ஆனால் மொழித்திறனில் கண்ட வேற்றுமையைப் பெருமளவு விளக்கியது குடும்பத்தின் ஈடுபாடு. இந்த ஆய்வைப் பெற்றோரிடம் சொல்லி, 'பாருங்கள், எல்லாம் உங்கள் கையில்' என்று பாரத்தை அவர்கள் தலையில் இறக்கிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதைத் திருப்பிப் படிக்கிறேன்: குடும்பம் ஈடுபட முடியாதபடி எங்கள் வேலை அமைந்திருந்தால், குழந்தைக்கு நேரும் இழப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு.

கேள்விக்குறி

ஒரு வயது முடிந்ததிலிருந்து அம்மா தினமும் காலையில் லிங் ஆறு ஒலிச் சோதனை செய்துவந்தார். டேனியல் லிங் வகுத்தது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகள் பேச்சின் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பரவி நிற்பவை. 'ம்' அடியில், 'ஸ்' உச்சியில். குழந்தைக்குப் பின்னால் நின்று, வாயைக் காட்டாமல், ஒவ்வொன்றாகச் சொல்லித் திரும்பிப் பார்க்கிறாளா என்று கவனிக்க வேண்டும். இடையிடையே சும்மா இருக்கவும் வேண்டும். இல்லையென்றால் குழந்தை தாளத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே திரும்பும்.

"தமிழ்ல ஷ், ஸ் எல்லாம் எங்க மேடம் அவ்வளவு வருது?" என்று அம்மா தொடக்கத்தில் கேட்டார். நல்ல கேள்வி. இவை சொல்லக் கற்றுக்கொடுப்பதற்கு அல்ல, கேட்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கு. 'ஸ்' கேட்கும் காதுக்குத்தான் பேச்சின் மெல்லிய விளிம்புகள் எல்லாம் கேட்கும்.

ஒவ்வொரு காதையும் தனியாக, ஒரு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் சோதித்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். கேட்டால் சரிக்குறி, கேட்காவிட்டால் பெருக்கல் குறி. அம்மா தானாக மூன்றாவது குறி ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். திரும்பினாள், ஆனால் தயங்கித் திரும்பினாள். கேட்டதா இல்லையா என்று உறுதியில்லை என்றால், கேள்விக்குறி.

மாதம் ஒரு முறை நோட்டைப் பார்த்து எண்களை என் படிவத்தில் ஏற்றுவேன். என் படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்: கேட்டது, கேட்கவில்லை. கேள்விக்குறிகளைக் 'கேட்டது' கட்டத்தில் போட்டுவந்தேன். திரும்பினாள் அல்லவா?

பத்தொன்பதாம் மாதம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. ஏறத்தாழ இருபது சொற்கள் சொன்னாள். 'போ'வும் 'தா'வும் அண்ணனிடம் மட்டும். அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"வலது காதுல ஏதோ மாறியிருக்கு மேடம்."

பருவம் மாறிய நேரம். வந்த குழந்தைகளில் பாதிப்பேருக்குச் சளி. நடுக்காதில் நீர் கோத்தால் கேட்பது தற்காலிகமாகக் குறையும், இந்த வயதில் அது சகஜம். அதைத்தான் சொன்னேன். ஆடியாலஜிஸ்டிடம் அடுத்த தேதி ஐந்து வாரத்தில் இருந்தது. அதுவரை பார்க்கலாம் என்றேன்.

சற்று அமைதி. பிறகு, "சளி இல்ல மேடம். நீங்க நோட்டைப் பாருங்க" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் கேட்டுக்கொள்ளும் குரலாகவும் இல்லை. படம் பிடித்து அனுப்பினார்.

பதினொரு நாள் பக்கங்கள். வலது காது, மூன்று மீட்டர், 'ஸ்' பத்து நாளாகக் கேள்விக்குறி, பிறகு பெருக்கல் குறி. 'ஷ்' ஏழு நாளாகக் கேள்விக்குறி. ஒரு மீட்டரிலும் கேள்விக்குறிகள் தொடங்கியிருந்தன. இடது காதில் எல்லாம் பழையபடி. முதல் கேள்விக்குறிக்கு முந்தைய நாள் ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'கட்டிலிலிருந்து விழுந்தாள். தலையில் லேசான வீக்கம். அழுது முடித்து விளையாடினாள்.' என் படிவத்தின்படி அந்தப் பதினொரு நாளில் பத்து நாள் அவளுக்கு எல்லாமே கேட்டிருந்தது.

ஆடியாலஜிஸ்ட் மறுநாளே வரச் சொன்னார். டிம்பனோமெட்ரி எடுத்ததில் செவிப்பறை இயல்பாக அசைந்தது. நடுக்காதில் நீர் இல்லை. என் சளி விளக்கம் அங்கேயே முடிந்தது. ஒலி வந்த பக்கம் திரும்பினால் விளக்கெரிந்து பொம்மை ஆடும் முறையில், காதுக்குள் செருகும் ஒலிப்பான் வைத்து இரண்டு அமர்வுகளில் அளந்தார்கள். ஒரே அமர்வில் இரண்டு காதையும் முடிக்க இந்த வயதுக் குழந்தையின் பொறுமை இடம் கொடுக்காது. வலது காதில் 500-இல் 70, 2000-இல் 90. 4000-இல் 100 டெசிபலுக்கும் பதில் இல்லை. இடது காது மாறவில்லை.

ஸ்கேனில் காரணம் தெரிந்தது. உட்காதிலிருந்து மண்டைக்குள் செல்லும் வெஸ்டிபுலர் நாளம் இரண்டு பக்கமும் இயல்பைவிட அகன்றிருந்தது. இப்படிப்பட்ட காதுகளில் கேட்கும் திறன் ஒரே சீராக இருக்காது; ஏறி இறங்கும், சில சமயம் படிக்கட்டில் இறங்குவதுபோல் திடீரென்று விழும். தலையில் படும் சிறு அடிகூட அதற்குப் போதும். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார். தாழ்ந்த சுருதியில் கொஞ்சம் மீண்டது, மற்றது மீளவில்லை. எஸ்.எல்.சி.26.ஏ.4 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் இந்த அமைப்புக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதால் மரபணுப் பரிசோதனையும், அதே மரபணு தைராய்டையும் பாதிக்கக்கூடும் என்பதால் அதற்கான கண்காணிப்பும் தொடங்கின. அண்ணனின் காதையும் சோதித்தார்கள், இயல்பு.

ஐந்து வாரம் காத்திருந்தால் காது வேறு மாதிரி ஆகியிருக்குமா? அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ஐந்து வாரமும் வலது கருவி பழைய அளவுக்கே ஒலி கொடுத்திருக்கும். குழந்தை ஒரு காதோடு மட்டும் இருந்திருப்பாள். அவள் அடம் பிடிப்பதை இரண்டு வயதுப் பிடிவாதம் என்று நான் எழுதியிருப்பேன்.

என் படிவத்தில் இப்போது மூன்று கட்டங்கள். எல்லா வீட்டுக்கும்.

'உங்க குழந்தையா இருந்தா?'

அடுத்த ஏழு மாதம் வலது காது கருவியால் பயன்பெறும் எல்லையைத் தாண்டிக்கொண்டே போனது. உட்காதுக்குள் மின்முனைகள் வைத்துச் செவி நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றிய பேச்சு வந்தது. அப்பாவுக்கு உடனே செய்துவிட வேண்டும். அம்மாவுக்கு, மீதியிருக்கும் கொஞ்ச நஞ்சக் கேட்கும் திறனும் போய்விட்டால் என்ற பயம். வீட்டில் இரண்டு பேரும் இதைப் பற்றி நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டு, என்னிடம் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கினார்கள். இது நடக்கும்போது நிபுணர் தூதராகிவிடுவது எளிது. நானும் இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு அறுவை மருத்துவர், ஆடியாலஜிஸ்ட், நான், பெற்றோர், பாட்டி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அம்மாவின் விருப்பப்படி, பிறவியிலேயே காது கேளாத ஒரு பெண்மணியும் மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். அவர் சைகை மொழியில் வளர்ந்து, வேலை பார்த்து, குழந்தைகளை வளர்ப்பவர். இந்த ஏற்பாடு எங்களில் எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன்.

மருத்துவர் சிகிச்சையை விளக்கினார். அகன்ற நாளம் உள்ள காதுகளில் இம்ப்ளான்ட் பொதுவாக நல்ல பலன் தருகிறது. அறுவையின்போது உட்காதுத் திரவம் பீறிட்டு வரும் வாய்ப்பு உண்டு, அதற்குத் தயாராக இருப்பார்கள். மூளைக்காய்ச்சலைத் தடுக்க நிமோகாக்கல் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டார்: "உங்க குழந்தையா இருந்தா என்ன செய்வீங்க?"

மருத்துவர், செய்வேன் என்றார். ஆடியாலஜிஸ்ட், இடது காதையும் ஆறு மாதம் பார்த்துவிட்டுச் செய்வேன் என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என் வீட்டில் பாட்டி இல்லை, இரவில் குசுகுசுக்கும் அண்ணன் இல்லை. நான் சொல்லும் பதில் என் வீட்டுக்குத்தான் பொருந்தும். அதைச் சொல்லிவிட்டு, ஐந்து வருடம் கழித்து அவள் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன்.

அப்பா நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். "லைட்டை அணைச்சிட்டுப் படுத்த பிறகு, அவ அண்ணன்கிட்ட இருட்டுல பேசணும். நானும் என் தம்பியும் அப்படித்தான் பேசுவோம்" என்றார்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். இது அவருக்கே புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் வழியாக அந்தப் பெண்மணிதான் அடுத்து பேசினார். படுக்கும்போது பிள்ளைகள் வெளிக்கருவியைக் கழற்றிவிடுவார்கள், தெரியுமா என்று கேட்டார். இருட்டில் அவளுக்குக் காதும் இருக்காது, சைகையும் தெரியாது. தானும் தன் அக்காவும் கையைப் பிடித்து உள்ளங்கையில் சைகை காட்டிப் பேசிய கதையைச் சொன்னார். அறையில் இருந்த மூன்று நிபுணர்களும் இம்ப்ளான்ட் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தோம். இரவு என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

சைகை பற்றி அம்மா என்னிடம் முதன்முதலில் கேட்டது குழந்தைக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'முதலில் கருவி பழகட்டும்' என்று பேச்சை மாற்றினேன். அது வேண்டாம் என்பதைவிட மோசம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கலாம். சைகை கற்றால் பேச்சு வராமல் போய்விடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. எனக்குச் சைகை மொழி தெரியாது என்பதுதான் உண்மையான காரணம்.

இரண்டு முடிவுகளோடு எழுந்தார்கள். வலது காதுக்கு இம்ப்ளான்ட், இடது காதில் கருவி தொடரும். குடும்பம் முழுக்கச் சைகை கற்கும். குளிக்கும்போது, படுக்கும்போது, கருவி பழுதாகும் நாளில் என்று தொடங்கி. கற்றுக்கொடுக்க அந்தப் பெண்மணியே வாரம் ஒரு நாள் வர ஒப்புக்கொண்டார். நானும் அந்த வகுப்பில் சேர்ந்தேன். என்னைவிடப் பாட்டி வேகமாகக் கற்றார்.

பிறகு

இருபத்தேழாம் மாதம் அறுவை. நான்கு வாரம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். இந்த நாளைப் பற்றி இணையத்தில் உலவும் காணொளிகள் ஒரு எதிர்பார்ப்பை உண்டாக்கிவிட்டன. சின்னவள் சிரிக்கவில்லை, அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு மாதம் போன பிறகே வலது காதில் மட்டும் வைத்துச் சொன்ன 'ஷ்'க்குத் திரும்பினாள்.

மாலையில் கதைப் புத்தகம் படிப்பதை அப்பா எடுத்துக்கொண்டார். மூன்று வயதில் மழலையர் வகுப்பு. ஆசிரியை கழுத்தில் தொங்கும் மைக்கிலிருந்து ஒலி நேராகக் குழந்தையின் கருவிக்கு வரும். பேசுபவர் தள்ளிப் போகப் போகத் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. இரைச்சலான வகுப்பறையில் அந்த இழப்பை எந்தக் கருவியும் தனியாக ஈடுகட்டாது. பாட வேளை முடிந்தும் ஆசிரியை மைக்கை அணைக்க மறந்து, ஓய்வறைப் பேச்சு முழுவதும் சின்னவள் காதுக்கு வந்த நாளும் உண்டு. வீட்டுக்கு வந்து அதில் ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னாள். அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது. ஆனால் உச்சரிப்பு சுத்தம்.

இப்போது மூன்று வயது எட்டு மாதம். சொற்களைப் புரிந்துகொள்வதில் வயதொத்த குழந்தைகளைவிட ஆறேழு மாதம் பின்னால் இருக்கிறாள். பேசுவதில் இன்னும் கொஞ்சம் அதிகம். நான்கைந்து சொல் வாக்கியங்கள் வருகின்றன. ல, ள வேறுபாடு வரவில்லை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கருவி அணியும் நேரம் சராசரி பதினொரு மணி.

நோட்டு இப்போது ஏழாவது. அம்மாவுக்கு வேலை நாட்களில் நேரமில்லை என்று எட்டு வயது அண்ணன் எழுதுகிறான். கோடு போட்டு, தேதி போட்டு, மூன்று குறிகளோடு. போன வாரம் ஓரத்தில் அவன் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'நேத்து லைட் அணைச்ச பிறகும் பாப்பா மெஷினைக் கழட்டல. பாட்டி திட்டினாங்க. நாங்க நிறைய நேரம் பேசினோம்.'

அதற்குக் கீழே, இடது காது, மூன்று மீட்டர், 'ஸ்' என்ற கட்டத்தில் இரண்டு நாளாகக் கேள்விக்குறி. அன்று மாலையே ஆடியாலஜிஸ்டுக்கு அழைத்தேன். வியாழக்கிழமை காலை முதல் ஆளாக வரச் சொல்லியிருக்கிறார்.